1997 ஜென்: வேறு இன்ஜின் போடுவதா, இருப்பதை இறக்கிச் செய்வதா?

கேள்வி: அண்ணா, நான் பெங்களூரு மர்பி டவுனில் இருக்கிறேன். என் மாமனார் 1997 செப்டம்பரில் வாங்கிய மாருதி ஜென், கார்புரேட்டர் மாடல், கே.ஏ. 03 பதிவு. இடையில் சில வருடம் அவருக்கு மங்களூரில் வேலை என்பதால் காரும் அங்கேதான் இருந்தது. இப்போது என்னிடம் கொடுத்துவிட்டார். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. நந்தி மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் குப்பென்று ஒரு புகை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது. மெக்கானிக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) எடுத்துப் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டரில் 9, மற்ற மூன்றிலும் பதினொன்றரை. "புத்தகத்தில் 14 போட்டிருக்கிறது, இன்ஜின் முடிந்தது" என்கிறார். மாருதி எஸ்டீமின் 1.3 எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜினை கியர்பாக்ஸோடு போட ஒன்றே கால் லட்சம், பழையதையே இறக்கிச் செய்ய எழுபதாயிரம் என்று கேட்கிறார். "85 பி.எச்.பி., கார் பறக்கும்" என்று நண்பர்கள் உசுப்பேற்றுகிறார்கள். ஸ்விஃப்ட்டின் கே12 போடச் சொல்பவரும் உண்டு. காரை விற்கும் எண்ணமே இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், உங்கள் இன்ஜின் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த இன்ஜின் போடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், இப்போது இருப்பதற்கு என்ன நோய் என்று சரியாகப் பார்த்துவிடுவோம். கேட்டதற்கு நேர் பதிலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது காரில் இருக்கும் அந்த ஜி10பி இன்ஜினையே வைத்துச் சரி செய்யுங்கள். எஸ்டீம் இன்ஜின் வேண்டாம்.

கம்ப்ரெஷனில் ஆரம்பிக்கிறேன். புத்தகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ என்று இருப்பது கடல் மட்டத்துக்கான கணக்கு. பெங்களூரு இருப்பது 920 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றழுத்தமே சுமார் பத்து சதவீதம் குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவாக இருந்தால் கேஜில் வரும் எண்ணும் குறையத்தான் செய்யும். சென்னையில் 14 காட்டும் புத்தம் புது இன்ஜின் இங்கே பன்னிரண்டரையை ஒட்டித்தான் காட்டும். அதே புத்தகத்தில் குறைந்தபட்சம் 12 என்று இருக்கும். இந்த ஊருக்கு அதைப் பதினொன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆக உங்களுடைய மூன்று சிலிண்டர்கள் வயதுக்கேற்ற தேய்மானத்தோடு வரம்புக்குள்தான் இருக்கின்றன. சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது என்பது எந்த ஊருக்கும் பொது. அந்த விதிப்படி பார்த்தால் சிக்கல் மூன்றாவது சிலிண்டரில் மட்டும்தான். ஒரு சிலிண்டர் சொதப்புவதற்கும் நான்கும் போவதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பணத்தில் பெரிய வித்தியாசம்.

இந்த இன்ஜினில் டேப்பெட்டை, அதாவது வால்வுக்கு மேல் இருக்கும் இடைவெளியை, ஸ்க்ரூ வைத்து அட்ஜஸ்ட் செய்யலாம். பல வருடம் யாரும் தொடாமல் விட்டால் வால்வு சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரெஷன் அந்த வழியாகக் கசியும். அதனால் இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து எட்டு வால்வின் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பாக மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு. இடைவெளியைச் சரி செய்து, இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, பேட்டரி முழு சார்ஜில் இருக்க, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி மறுபடி கம்ப்ரெஷன் எடுங்கள். பாதி பேர் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலேயே எடுத்துவிட்டு இன்ஜினுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

அப்போதும் மூன்றாவது ஒன்பதிலேயே நின்றால், பிளக் துவாரம் வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். எண் கிடுகிடுவென ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அசையாமல் அங்கேயே நின்றால் வால்வு கருகியிருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஒரு மணி நேர வேலை. ஒன்றே கால் லட்சத்துக்கு முன்னால் இந்த ஒரு மணி நேரத்தைக் கண்டிப்பாகச் செலவழியுங்கள்.

புகை வரும் விதத்தை நீங்கள் அழகாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பாதி நோயை அதுவே சொல்லிவிட்டது. ரிங் போன இன்ஜின் ஏற்றத்தில் இழுக்கும்போது, ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தப் புகை தள்ளும். உங்களுடையது ராத்திரி முழுக்க நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யும்போதும், இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கி மறுபடி மிதிக்கும்போதும்தான் தள்ளுகிறது. இது வால்வு ஸ்டெம் சீலின் குணம். அந்தச் சின்ன ரப்பர் சீல் வயதாகி இறுகிப்போனால் நிறுத்தி வைத்திருக்கும்போது மேலே இருக்கும் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். ஆக்ஸிலேட்டரை விட்டு மலை இறங்கும்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் அதிகம், அது ஆயிலை வால்வு கைடு வழியாக உறிஞ்சும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் என்பதற்கும் இது பொருந்துகிறது. ஹெட்டை மட்டும் இறக்கி, சீல் மாற்றி, கைடில் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றி, வால்வு லேப்பிங் செய்து (வால்வையும் சீட்டையும் தேய்த்துப் பொருத்தி) போடும் டாப் ஓவர்ஹாலோடு முடியவும் வாய்ப்பிருக்கிறது. எழுபதாயிரம்கூட ஆகாது.

இப்போது எஸ்டீம் இன்ஜின் விஷயம். உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. முக்கால் டன் எடையை ஒட்டிய காரில் 85 பி.எச்.பி. என்றால் யாருக்குத்தான் கை பரபரக்காது? அந்த ஜி13பிபி நல்ல இன்ஜின். எஸ்டீமில் ஓடியது, 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட்டில் ஓடியது, ஜிப்ஸியிலும் அதுதான். உங்கள் ஜி10பி-யும் இதுவும் ஒரே ஜி குடும்பம் என்பதால்தான் இந்த மாற்றத்தைப் பலர் சுலபமாகப் பேசுகிறார்கள்.

ஆனால் ஜென்னை ஜென் ஆக்கியது எது என்று பாருங்கள். ஜி10பி-யில் பிஸ்டன் போர் 72 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் வெறும் 61. ஜி13-இல் போர் 74, ஸ்ட்ரோக் 75.5. உங்கள் பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் கடக்க வேண்டிய தூரம் பதினாலரை மில்லிமீட்டர் குறைவு. அதனால்தான் அது சுழலச் சுழலச் சந்தோஷப்படுகிறது. 993 சி.சி.யில் 50 பி.எச்.பி., அதுவும் 6500 ஆர்.பி.எம்.மில். 1993-இல் இந்தக் கார் வந்தபோது நம் ஊரில் சின்னக் காரை விரட்டி ஓட்டி ரசிக்கக் கற்றுக்கொடுத்ததே இந்த அலுமினிய இன்ஜின்தான். இரண்டாவது கியரில் கடைசிவரை இழுத்து மூன்றாவது மாற்றும்போது வரும் அந்தச் சத்தம் எஸ்டீம் இன்ஜினில் வராது. அதில் கீழ் ஆர்.பி.எம். இழுவை அதிகம், வேகமும் அதிகம். கார் வேறாகிவிடும். விற்கும் எண்ணமே இல்லாத ஒருவர், மாமனார் கையிலிருந்து வாங்கிய காரை வேறொரு காராக மாற்றுவானேன்?

இதைச் சிலர் வெறும் உணர்ச்சி என்பார்கள். சரி, ஒன்றே கால் லட்சத்தில் எதெல்லாம் சேர்த்தி இல்லை என்று அந்த மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மிகக் குறைந்த அழுத்தத்தில் போகிறது. எம்.பி.எஃப்.ஐ.க்கு இரண்டரை, மூன்று பார் அழுத்தம் வேண்டும். டாங்குக்குள் மின்சார பம்ப், திரும்பி வரும் லைன், உயர் அழுத்தத்துக்கான பைப், கிளாம்ப் எல்லாமே புதிதாக வேண்டும். பழைய லைனிலேயே கோத்துவிட்டால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும், கார் பற்றி எரியும். அடுத்து ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), அதற்கான முழு வயரிங், சென்சார்கள். காயலான் கடையில் வண்டியிலிருந்து அறுத்தெடுத்த வயரிங்கை டேப் சுற்றி ஒட்டுப் போட்டால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு புதுக் கோளாறு வரும். பிறகு ரேடியேட்டர், டிரைவ் ஷாஃப்ட், மவுண்ட், சைலன்சர். எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக். 50 பி.எச்.பி.க்கு என்று கொடுத்த பிரேக்கையும் 145 அகல டயரையும் வைத்துக்கொண்டு 85-ஐ எப்படி நிறுத்துவீர்கள்? அதையும் மாற்றப் போனால் கணக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். கே12 என்றால் இந்தத் தலைவலியெல்லாம் இன்னும் கூடும். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஷெட்டில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ளவை மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்த வருடம் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் சேர்த்தார்கள். உங்கள் ஆர்.சி.யில் இருப்பது 993 சி.சி.; ஓடுவது 1298 சி.சி. ஒரு விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறந்தால், உங்கள் க்ளெய்மைத் தள்ளிவிட அவருக்கு வேறு காரணமே தேவையில்லை. எதிர்த் தரப்பில் யாருக்காவது அடிபட்டிருந்தால் அந்தப் பாரம் உங்கள் தலையில் விழவும் கூடும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

உங்கள் கார் 1997 செப்டம்பர் என்பதால் பதினைந்து வருடப் பதிவு 2012-இல் முடிந்து, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்து வந்திருப்பீர்கள். அப்படியானால் அடுத்த எஃப்.சி. (தகுதிச் சான்று) 2027-இல். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இருபது வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து பத்தாயிரம் ரூபாய். அதைக் கட்டத் தயாராக இருங்கள். கார் இன்னும் மாமனார் பெயரில் இருந்தால் 29, 30 படிவங்களைக் கொடுத்து இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றி, இன்ஷூரன்ஸையும் மாற்றிவிடுங்கள்.

ஒருவேளை பிளாக்கே உடைந்து போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதே ஜென்னின் அதே ஜி10பி இன்ஜினை ரசீதோடு வாங்கி, ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்து, காட்டி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது. ரசீது இல்லாத இன்ஜினைத் தொடவே தொடாதீர்கள். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

1.3 இன்ஜின் வெறி அப்படியும் அடங்கவில்லை என்றால் அதற்கும் இடம் உண்டு. ரோட்டில் ஓட்டாத, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் டிராக் கார். கோவையில் கரி ஸ்பீட்வே, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, இரண்டும் நமக்கு எட்டும் தூரம்தான். அதற்கு வேறொரு ஜென் பாடியைத் தேடுங்கள், ரோல் கேஜ் போடுங்கள், ஆசை தீர ஓட்டுங்கள். நானே சந்தோஷமாக யோசனை சொல்வேன். மாமனார் கார் அதற்கு வேண்டாம்.

இன்ஜினைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த "மங்களூர்" என்ற வார்த்தை. கடல் காற்று, அதோடு அந்த ஊர் மழை. இன்ஜினுக்கு ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் காரை லிஃப்டில் ஏற்றி, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் காந்தமும் எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். கால் மிதியடியையும் கார்ப்பெட்டையும் தூக்கிவிட்டுத் தரையைப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரி உட்காரும் தட்டின் அடி, ஸ்டெப்னி குழி, பின் சக்கர வளைவின் உள்பக்கம், கதவின் கீழ் விளிம்பு, முன் ஷாக் அப்சார்பரின் மேல் முனை பாடியில் போல்ட் ஆகும் இடம், பின் ஆக்ஸிலைப் பிடிக்கும் கைகள் பாடியோடு சேரும் இடம். பெயின்ட் பளபளப்பாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அடியில் தகரம் இல்லை, புட்டி இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். தரையிலும் கதவிலும் ஓட்டை இருந்தால் நல்ல டிங்கர் அறுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டு செய்துவிடுவார். ஷாக் அப்சார்பர் மவுண்டும் பின் ஆக்ஸில் பிடிமானமும் அரித்திருந்தால்தான் பெரிய செலவு. அப்படியிருந்தால் பட்ஜெட் முழுவதும் முதலில் அங்கே போகட்டும், இன்ஜின் ஆறு மாதம் புகை விட்டபடி காத்திருக்கட்டும். வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ஜே.சி. ரோடுக்குத்தான் போவீர்கள். அங்கே கவுன்டரில் "ஜென் பிஸ்டன்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். 2006-இல் வந்த ஜென் எஸ்டிலோவுக்கு இருந்தது வேகன்ஆரின் 1.1 எஃப்10டி இன்ஜின், வேறு குடும்பம். பிற்காலத்து எம்.பி.எஃப்.ஐ. ஜென்னிலும் ஹெட் மாறியிருக்கிறது. பழைய சீலையும் ரிங்கையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய், கவுன்டர் மேல் வைத்து, பக்கத்தில் புதியதை வைத்துப் பார்த்து வாங்குங்கள். "இதுவும் உட்காரும் சார்" என்ற வார்த்தைக்கு மயங்காதீர்கள்.

ஹெட்டை இறக்கியதும் அதன் அடிப்பரப்பை ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துப் பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் லேத்துக்குக் கொடுத்துச் சீவ வேண்டியதுதான். ஹெட் திறந்திருக்கும்போதே சிலிண்டர் சுவரில் நகம் வைத்துத் தடவிப் பாருங்கள். மேலே விளிம்பு தட்டினாலோ, நெடுக்குக் கோடுகள் இருந்தாலோ, ஸ்பூன் ஆயில் சோதனையும் ரிங்கைக் காட்டியிருந்தாலோ, பாதியில் நிறுத்தாமல் முழு இன்ஜினையும் இறக்கிவிடுங்கள். போரிங் செய்து 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் லேத்துக்காரர் போர் செய்ய வேண்டும். பிஸ்டனை அளந்து அதற்கேற்ப போர் செய்வதுதான் முறை. டைமிங் பெல்ட்டை மாற்றும்போது அதன் பின்னால் இருக்கும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் "சூடாகுது" என்றதும் முதலில் அதைக் கழற்றி வீசும் பழக்கம் இருக்கிறது. அது இல்லாமல் ஓடும் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலேயே தேயும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். இன்னொன்று, ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றவே கூடாது. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு அலுமினிய ஹெட்டின் நீர்ப்பாதையை அரித்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும்தான்.

கார்புரேட்டருக்கு வருகிறேன். இப்போது பம்ப்பில் கிடைப்பது இ20 பெட்ரோல். 1997-இல் செய்த ரப்பர் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள், பம்ப் டயாஃப்ரமும் கார்புரேட்டர் கிட்டும் புதிதாக இருக்கட்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் டாங்கைக் கழற்றித் துருவைச் சுத்தம் செய்யுங்கள், காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். எத்தனால் கலந்தால் கலவை மெலியும், உடனே ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை) பெரிதாக்கச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். நம் ஊர் உயரத்தில் காற்று குறைவு என்பதால் கார்புரேட்டர் ஏற்கெனவே கொஞ்சம் பெட்ரோல் அதிகமாகத்தான் கொடுக்கிறது. இரண்டும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். முதலில் கம்பெனி ஜெட்டிலேயே ஓட்டி, பிளக் நிறத்தைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் தொட வேண்டாம். வெளுத்துப் போயிருந்தால் அப்போது ஜெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

வேகம் வேண்டும் என்ற ஆசைக்கும் ஒரு வழி சொல்கிறேன், ஆர்.சி.யைத் தொடாத வழி. புது இன்ஜின் மவுண்ட், கியர் லீவர் லிங்கேஜ் புஷ், சஸ்பென்ஷன் புஷ் அத்தனையும், நான்கு ஷாக் அப்சார்பர், நல்ல புது டயர், பிரேக் ஹோஸ், புது பிரேக் ஆயில். இத்தனை வருட ரப்பர் மாறியதும் ஸ்டியரிங் திருப்பிய மறுகணமே மூக்கு திரும்பும். ஜென்னின் சுகமே அங்கேதான். எஸ்டீம் இன்ஜினுக்கு வைத்திருந்த பணத்தில் இதெல்லாம் முடிந்து மீதியும் இருக்கும்.

முழு இன்ஜினையும் செய்திருந்தால் முதல் ஆயிரம் கிலோமீட்டரை நம் சிக்னல்களில் தீர்த்துவிடாதீர்கள். நின்ற இடத்தில் ஓடும் புது ரிங் சிலிண்டர் சுவரோடு சரியாக உட்காராது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓசூர் ரோட்டில் கிருஷ்ணகிரி வரை போய்வாருங்கள். 4000 ஆர்.பி.எம்.மைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் பிடிக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஆயிரத்தில் ஆயிலை மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். மெல்லிய சாம்பல் பொடி இருந்தால் இயல்புதான். மினுமினுக்கும் தகடு தென்பட்டால் மேற்கொண்டு ஓட்டாமல் ஷெட்டுக்குக் கொண்டுபோய் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.